பேணிக்குள் மூன்று தோட்டா

மண்கும்பான்
04.08.2024

அன்புள்ள தம்பி தில்லைநாதனுக்கு,

இங்கே நானும் பிள்ளை கிருசாந்தியும் சுகம். உன் சுகத்தை ஆண்டவனிடம் கேட்டால் அவர் பதில் எழுதமாட்டார், ஆகவே உன்னைத்தான் கேட்கிறேன். முழங்கால் வலி எப்படி?

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போன் கிருசாந்தியின் கையில். நான் வாய் திறந்ததுமே அதைச் சத்தமாக வைத்துவிடுகிறாள், பக்கத்து வளவுக் கோழிக்கும் கேட்கும். தவிர, போனில் சொன்னதை நாளைக்கு "நான் அப்பிடிச் சொல்லேல்லையே" என்று மாற்றலாம். கடிதத்தில் அது ஏலாது. உன் கடிதங்களை எல்லாம் உறையோடுதான் வைத்திருக்கிறேன். நீ எழுதிய திகதியையும் பார்ப்பேன், தபால் முத்திரையில் விழுந்த திகதியையும் பார்ப்பேன். எனக்கு ஊர் விசாரிக்கிற விதானையார் வேலை கொடுத்திருக்க வேண்டும் என்று அப்பா பகிடி பண்ணுவார், ஞாபகம் இருக்கும்.

விஷயம் இதுதான். போன மாதம் நீ அனுப்பிய படத்தைப் பிள்ளை காட்டினாள். நீ சிரித்துக்கொண்டு கதிரையில் இருக்கிறாய். பின்னால் மேசையில் பித்தளை நிறத்தில் சின்னச் சின்னதாக வரிசையாய் ஏதோ நிற்கிறது. சாம்பிராணி என்று நினைத்தேன். பிள்ளை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது சாம்பிராணியில்லை, தோட்டா" என்றாள்.

தம்பி, இந்த வீட்டில் அந்தச் சாமானால்தான் அப்பாவின் உயிர் போனது. நாற்பது வருடமாக இந்த வளவில் தீபாவளிக்குச் சீனவெடிகூடக் கொளுத்துவதில்லை. உனக்கு அதெல்லாம் மறந்துவிட்டதா? படத்தில் தெரியாத பக்கம் வேறு என்ன வைத்திருக்கிறாய்? ஒளிக்காமல் எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா
கேதீஸ்வரி


கனடா
01.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் குளிருக்குத்தான் குத்தும், இப்போது பரவாயில்லை. உங்களுக்குச் சீனி இறங்கிவிட்டதா? குளிசையை ஒழுங்காக எடுங்கள்.

படத்தில் கண்டது தோட்டாதான். ஒளிக்க ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் காடும் மரம் அரியும் ஆலையும்தான். ஆலையில் என்னோடு நிற்கிறவர்களில் பாதிப்பேரிடம் துவக்கு உண்டு. அனுமதிப் பத்திரம் எடுத்து நானும் ஒன்று வாங்கினேன். விசைக்குக் கீழே கைப்பிடி வளையம் ஒன்று இருக்கும். அதை முன்னால் தள்ளி இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது வெளியே துள்ளி விழும், புதுத் தோட்டா ஏறும். நான் மான் சுடுவதில்லை, அக்கா. கடதாசியில் வட்டம் கீறி அதைத்தான் சுடுகிறேன். மச்சமாமிசம் இன்னும் தொடுவதில்லை.

கடையில் விற்கும் தோட்டா எனக்குச் சரிவருவதில்லை. ஒரே பெட்டிக்குள் ஒன்று போல ஒன்று இராது. ஆகவே நானே நிரப்புகிறேன். சுட்ட கோதைக் கழுவி, நீளம் பார்த்து வெட்டி, மருந்தை நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் நிறுத்துப் போட்டு, மேலே சன்னத்தை, பறந்துபோகிற அந்த ஈயத்தை, வைத்து அழுத்த வேண்டும். இந்தத் துவக்கில் ஒரு சங்கடம் உண்டு. தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ளதின் மூக்கு, முன்னால் உள்ளதின் அடியில் இருக்கும் நெருப்புப் பொட்டில் முட்டிக்கொண்டு கிடக்கும். மூக்குக் கூராக இருந்தால் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். அதனால் மொட்டை மூக்குச் சன்னம்தான் போடுவார்கள். மொட்டை மூக்கு காற்றில் இடிபட்டுச் சீக்கிரம் தாழ்ந்துபோகும். இப்போது இறப்பர் மாதிரி மெத்தென்ற கூர் வைத்த சன்னம் வருகிறது. முட்டினால் நசியும், வெளியே போனால் நிமிரும். அதை வைத்து, இருநூறு யார் தூரத்துக்கு அதிகம் தாழாமல் தட்டையாகப் போகிற தோட்டா ஒன்று செய்யப் பார்க்கிறேன். ஒரு வருடமாக அதிலேதான் கிடக்கிறேன்.

இதைக் கிருசாந்தியோடு அதிகம் கதைக்காதீர்கள். அவளுக்கு என் அன்பு.

உங்கள் தம்பி
தில்லை


மண்கும்பான்
29.09.2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம், என் சீனியும் சுகம், அது ஏறின இடத்திலேயே இருக்கிறது. உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நான் கேட்டது அப்பாவை. நீ எழுதியது சன்னத்தின் மூக்கை. அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. ஊரில் சோற்றுக்கு உப்பு அளந்து போடத் தெரியாதவன் இன்றைக்கு மருந்தைத் தராசில் நிறுக்கிறாயாம். சரி, அது கிடக்கட்டும்.

எனக்கு இப்போது வேறு தலையிடி. கிருசாந்தி கலியாணம் கட்டப்போகிறாளாம். மாப்பிள்ளை தம்பிஐயாவின் கடைசி மகன் ரஜீபன். இரண்டு பேருக்கும் பிரதேச செயலகத்தில் ஒரே அறையில் வேலை. மூன்று வருடப் பழக்கமாம். மூன்று வருடமாக எனக்கு ஒரு மணமும் தெரியவில்லை. நல்ல விதானையார் நான்.

நீ அப்போது பதினேழு வயதுப் பெடியன், மறந்திருப்பாய் என்றால் நான் நினைவுபடுத்துகிறேன். 1984 ஆனி மாதம். தோட்டா விற்பனையை நிறுத்தியிருந்தார்கள். கட்டாக்காலி நாய்கள் நம் ஆட்டுக்குட்டிகளைக் கடித்துக்கொண்டிருந்தன. எல்லை வேலிக்காக அரசாங்கக் கச்சேரி வரை போய் நம்மோடு சண்டை பிடித்த தம்பிஐயா, திடீரென்று படலைக்கு வந்து அப்பாவிடம் இரண்டு தோட்டா கொடுத்தான். சமாதானமாம். மறுநாள் காலை அப்பா நாயைச் சுட்டார், துவக்கு அவர் முகத்தோடு வெடித்தது. மூன்றாம் நாள் யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரியில் முடிந்தார். பழைய துவக்கு என்று எழுதிப் பொலிஸ் விஷயத்தை மூடியது. ஊர் மூடவில்லை. நாங்களும் அன்றோடு அந்த வீட்டு நல்லது கெட்டது ஒன்றுக்கும் போனதில்லை. என் மனுசன் செத்த அன்றும் தம்பிஐயா படலைக்கு வெளியே வெயிலுக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றான். வேடிக்கை பார்க்கத்தானே?

நீ தாய்மாமன். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு நீதான் சொல்ல வேண்டும். இது ஏலாது என்று உன் கையால் எழுது. நான் அதை அவளிடம் காட்டுகிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

அக்கா


கனடா
24.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். பனி விழத் தொடங்கிவிட்டது. நீங்கள் ஆறுதலாக இருந்து இதை வாசிக்க வேண்டும்.

கிருசாந்தி கட்டட்டும், அக்கா. ரஜீபன் எண்பத்துநான்கில் பிறக்கவுமில்லை. தம்பிஐயா அண்ணை அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை, எனக்குத் தெரியும். கண்டவர் யாரும் உண்டா? எல்லாம் ஊர் வாயால் வந்த கதை. முப்பத்தொரு வயதுப் பிள்ளையின் வாழ்க்கையை அதற்காகத் தடுக்காதீர்கள். என் சம்மதத்தை இந்தக் கடிதமாகவே அவளுக்குக் காட்டுங்கள்.

புதுச் சன்னம் சரிவருகிறது போலத் தெரிகிறது. போன ஞாயிறு ஐந்து துளையையும் தேத்தண்ணிக் கோப்பையின் வாயால் மூடலாம் போல இருந்தது. ஆனால் ஆறாவது விலகிவிட்டது. ஏன் விலகியது என்று தெரியவில்லை. திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறேன்.

உடம்பைப் பாருங்கள்.

தில்லை


மண்கும்பான்
20.11.2024

தம்பிக்கு,

இங்கே மழை. சுகத்துக்குக் குறைவில்லை, மனத்துக்குத்தான் குறைவு.

உனக்கு எப்படித் தெரியும்? தம்பிஐயா அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை என்று அடித்து எழுதியிருக்கிறாய். அதோடு 'அண்ணை' வேறு. இந்த வீட்டில் அந்தப் பெயருக்குப் பின்னால் யாரும் அண்ணை போட்டு நாற்பது வருடம். உன்னோடு யார் கதைத்தது? ரஜீபனா? பிள்ளை உனக்குத் தனியே போன் எடுக்கிறாளா? அந்தக் கடிதத்தை நான் அவளிடம் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன்.

இன்னும் ஒன்று. பழைய அடுப்புக் குசினிச் சுவரை இடித்தோம். அப்பா செத்த கிழமையே அம்மா அவருடைய சாமான்களைச் சுவர் மாடத்துக்குள் வைத்துக் களிமண்ணால் பூசிவிட்டது எனக்கே மறந்துபோயிற்று. மூக்குக்கண்ணாடி, சுருட்டுப் பெட்டி, துவக்குப் பத்திரம், ஒரு பிஸ்கற் பேணி. பேணிக்குள் மூன்று தோட்டா. இரண்டு சிவப்பு, வாய் மடிப்புக் குலையாமல் நேற்று வாங்கியது போல. மூன்றாவது மங்கல், வாயை மெழுகால் அடைத்திருக்கிறது.

தோட்டாவுக்கு ஏன் மெழுகு? உள்ளே எதையோ மாற்றிப் போட்டவன்தானே வாயை அடைப்பான்? நீதான் இப்போது தோட்டா நிரப்பத் தெரிந்தவன். பார்த்த மாதிரி நினைத்துக்கொண்டு சொல்லு. அது தம்பிஐயாவின் வேலை என்று நீ எழுதினால், அதைக் கொண்டுபோய் அவன் முகத்துக்கு முன்னால் வைப்பேன். கலியாணக் கதை அன்றோடு முடியும்.

பதிலைச் சுணக்காதே.

அக்கா


கனடா
15.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அந்தப் பேணியைத் தொடாதீர்கள். ஆட்டாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். விதானையாருக்கு அறிவித்துப் பொலிஸிடம் கொடுத்துவிடுங்கள். பழைய மருந்து எப்போது என்ன செய்யும் என்று சொல்ல ஏலாது. இவ்வளவு தூரத்திலிருந்து எதையும் நிச்சயமாகச் சொல்லவும் ஏலாது.

இங்கே வேலை கூட. பிறகு எழுதுகிறேன்.

தில்லை


மண்கும்பான்
12.01.2025

தம்பிக்கு,

உன் சுகத்தை நான் கேட்கவில்லை. ஆறு வரியில் எழுதுகிறவன் சுகமாக இருக்கமாட்டான். சன்னத்தின் மூக்குக்கு அரைப்பக்கம் எழுதினவன் நீ.

நீ சொன்னபடி விதானையாருக்குச் சொன்னேன். பொலிஸ் வந்து கொண்டுபோய்விட்டார்கள். கொடுப்பதற்கு முதல் கிருசாந்தியைக் கொண்டு படம் எடுப்பித்தேன். பேணி போன பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. அதை ஏன் இவன் அவசரமாக வீட்டை விட்டு அனுப்பச் சொன்னான்?

இரண்டு நாளாகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவை நினைத்துப் பார். பழைய அரிசி முடியாமல் புது மூட்டையை அவிழ்க்க விடமாட்டார். பழைய சவர்க்காரம் கரைந்து காகிதமாகும் வரை புதுக்கட்டியைத் தரமாட்டார். "பழசு முடியட்டும்" என்பதுதான் அந்த வீட்டுச் சட்டம். தம்பிஐயா வந்த அன்று அப்பா பேணியைத் திறந்து, "ரெண்டுதான் கிடக்கு, நல்ல நேரத்திலை தந்தாய்" என்று சொன்னது எனக்குக் குசினிக்குள் கேட்டது. வீட்டில் இரண்டு, அவன் தந்தது இரண்டு, மொத்தம் நான்கு. ஒன்று வெடித்தது. மிச்சம் மூன்று. அந்த மூன்றில் ஒரே மாதிரிப் புதிதாய் இருப்பவை இரண்டு.

அப்படியென்றால் தம்பிஐயா தந்த இரண்டும் இந்தச் சுவருக்குள் நாற்பது வருடமாகச் சும்மா கிடந்திருக்கின்றன. அப்பா தன் வழக்கப்படி பழசைத்தான் முதலில் எடுத்திருக்கிறார். வெடித்தது நம் வீட்டுத் தோட்டா. மெழுகு பூசினதும் நம் வீட்டுத் தோட்டா.

படத்தைப் பெரிதாக்கினால் அந்த மெழுகில் ஒரு விரல் பதிந்திருக்கிறது. அப்பாவின் தடித்த விரல் இல்லை. அந்த வருடம் நீ சோதனைக்குப் படிக்க மெழுகுதிரி வாங்கித் தந்தது நான்.

ஒரேயொரு கேள்விதான், தம்பி. அது யாருடைய விரல்?

தம்பிஐயாவுக்கு நெஞ்சு வருத்தம் கடுமை. ஆசுப்பத்திரியால் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், இனிக் கனகாலம் இல்லை என்கிறார்கள். உன் வாயால் கேட்காமல் நான் அந்தப் படலையைத் திறக்கமாட்டேன். என் சந்தேகத்தை நம்பி ஒரு தரம் நாற்பது வருடம் போய்விட்டது. உன் கடிதம் இங்கே வர இருபத்துநான்கு நாள் எடுக்கிறது. நான் நாளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அக்கா


கனடா
03.02.2025

அக்கா,

ஓம். என்னுடைய விரல்தான்.

அப்பா வேலணைச் சந்தைக்குப் போன ஒரு நாள், துவக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் பேணிக்குள் கிடந்த இரண்டு தோட்டாவையும் போத்தலுக்குச் சுட்டுவிட்டேன். புதுசு வாங்க வழியில்லை. அப்பா பேணியைத் திறந்தால் முதுகுத் தோல் உரியும். கோயில் திருவிழாவில் கொளுத்தாமல் மிஞ்சிய வாணங்களை எடுத்துப் பிரித்தேன். அந்த மருந்து துவக்குக்கு உரியது இல்லை என்று எனக்குத் தெரியாது. ஒரு அளவும் பார்க்கவில்லை, கோது நிறையும் வரை போட்டேன். எப்படி நிரப்பினேன் என்பதை இதற்கு மேல் எழுதமாட்டேன். விற்பனை திரும்பத் தொடங்கினதும் நல்லதை வாங்கி மாற்றி வைக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

அப்பா மெழுகைக் கண்டு இதென்ன என்று கேட்டார். கடற்காற்றின் ஈரம் படாமல் பூசினேன் என்றேன். "கெட்டிக்காரன்" என்று தலையில் தட்டிவிட்டுப் போனார். அதுதான் அவர் என்னைக் கடைசியாகப் புகழ்ந்தது.

ஆசுப்பத்திரி வாசலில் அம்மா, "முந்தநாள்தானே அவன் தம்பிஐயா தந்தவன்" என்று கத்தி அழுதபோது நான் அவவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பயம். முதலில் அம்மாவுக்குப் பயம், பிறகு ஊருக்குப் பயம், பிறகு இவ்வளவு நாள் சொல்லாததற்கே பயம். நம் ஊர் ஆட்கள் எல்லாரும் ரொறன்ரோவில் இருக்க நான் ஏன் இந்தக் காட்டுக்குள் கிடக்கிறேன் என்று ஒவ்வொரு வருடமும் கேட்பீர்கள். அங்கே இருந்தால் ஏதாவது ஒரு கொண்டாட்டத்தில் யாராவது தம்பிஐயா அண்ணையைத் திட்டுவார்கள். நான் தலையாட்ட வேண்டியிருக்கும்.

இப்போது ஒவ்வொரு தோட்டாவுக்கும் மருந்தை மூன்று தரம் நிறுக்கிறேன். அன்றைக்கு நிறுக்காததை இன்றைக்கு நிறுத்து என்ன பயன் என்று எனக்கும் தெரியும். கை கேட்கவில்லை.

அவரிடம் நீங்கள் போங்கள். இந்தக் கடிதத்தை அவர் கேட்க வாசியுங்கள். கிருசாந்தியைக் கட்டிக் கொடுங்கள்.

தில்லைநாதன்


மண்கும்பான்
12.04.2025

தில்லைநாதனுக்கு,

இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

உன் கடிதம் பங்குனி பதினேழாம் திகதி வந்தது. தம்பிஐயா அண்ணை பதினோராம் திகதி காலமாகிவிட்டார். பறைச் சத்தம் கேட்டபோது நான் படலையைச் சாத்திக் கொக்கி போட்டேன். பிள்ளை என்னைத் தாண்டிக்கொண்டு போனாள். நான் போகவில்லை. ஆறு நாள் கழித்துத்தான் உன் கடிதத்தைப் பிரித்தேன்.

வாசித்து அழுது முடித்த பிறகு, என் பழக்கம் போகுமா, உறையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே நீ போட்ட திகதி மாசி மூன்று. வெளியே முத்திரையில் மாசி இருபத்தொன்று. பதினெட்டு நாள். எழுதியும் பதினெட்டு நாள் அதை எங்கே வைத்திருந்தாய்? மேசையிலா, தோட்டாக்களுக்குப் பக்கத்திலா? எழுதின அன்றே போட்டிருந்தால் மாசி இருபத்தேழாம் திகதி என் கையில் இருந்திருக்கும். அவருக்கு அப்போது இன்னும் பன்னிரண்டு நாள் மூச்சு இருந்தது. கதைக்கவும் கதைத்தாராம். நான் போய்க் காலைப் பிடித்திருப்பேன்.

முந்தநாள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. சடங்கு முடிந்து சனம் குறைந்த பிறகு போனேன். நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் படலை. அவருடைய மனைவி நாகபூசணி அக்கா கதிரை எடுத்துப் போட்டார். நான் இருக்காமல் நின்றபடியே உன் கடிதத்தை வாசித்தேன். ரஜீபன் அழுதான். அக்கா அழவில்லை. கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இது அவருக்குத் தெரியும், பிள்ளை. உன்ரை தம்பி துவக்கோடை கடற்கரையிலை நிண்டதைக் கண்டவர். பிறகு அந்த மணலிலை வாணக்குழல் பிரிச்சுக் கிடந்ததையும் கண்டவர். துவக்கு வெடிச்ச உடனை அவருக்கு விளங்கிட்டுது."

"அப்ப ஏன் அக்கா சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"எண்பத்துநாலிலை எப்பிடிச் சொல்லுறது? பெடியன் வெடிமருந்து அடைச்சவன் எண்டு காதிலை விழுந்தால், இயக்கம் எண்டு ஆமிக்காரன் விடுவானே? 'தகப்பன் போயிட்டான், இனிப் பெடியனையும் குடுக்கவோ, ஊர் என்னைப் பேசினால் பேசிப்போட்டுப் போகட்டும்' எண்டார். பிறகு தம்பி கனடாவுக்குப் போனவுடனை நான் சொல்லச் சொன்னனான். 'அவன் தானாச் சொல்லுவான், நாங்கள் முந்தக்கூடாது' எண்டார்."

என் மனுசனின் செத்தவீட்டில் வெயிலுக்குள் குடையோடு நின்றதைக் கேட்டேன். "உள்ளை வந்தால் நீங்கள் எழும்பிப் போவியள் எண்டு வெளியிலை நிண்டவர். சுடலைக்கும் பின்னாலை வந்தவர், நீங்கள் காணேல்லை" என்றார். நான் அதற்குப் பிறகுதான் கதிரையில் இருந்தேன், தம்பி. 

உன்னை உயிரோடு வைத்திருந்தவர் அவர். நான் அவரை அவன் இவன் என்று எழுதிய கடிதங்கள் எல்லாம் உன்னிடம் இருக்கும். எரித்துவிடு.

கலியாணம் ஆண்டுத் திவசம் முடிந்த பிறகு என்று முடிவெடுத்திருக்கிறோம். தகப்பனுக்குப் பதிலாகத் தாய்மாமன் நின்று தாரை வார்க்க வேண்டும். உன்னைக் கூப்பிடலாமோ என்று நாகபூசணி அக்காவிடம்தான் கேட்டேன், வேறு யாரிடம் கேட்பது? "வரச் சொல்லு. அவர் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்" என்றார்.

அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். நான் இன்னும் சம்மதிக்கவில்லை. அந்த நாற்பது வருடத்தை ஒரு பெடியனின் பயம் என்று நினைத்துப் பார்க்கிறேன், விளங்குகிறது. இந்தப் பதினெட்டு நாளை எப்படிப் பார்த்தாலும் எனக்கு விளங்கவில்லை. நான் எழுதும் வரை பிளேன் ரிக்கற் எடுக்காதே.

நாளை மறுநாள் வருசப்பிறப்பு. தலைக்குக் குளித்துவிட்டு ஏதாவது இனிப்பாகச் சாப்பிடு.

மனம் வந்தால் எழுதுவேன். எழுதினால் அன்றைக்கே தபாலில் போடுவேன்.

அக்கா